மாத்திரைக்குச் சாயம் எதற்கு?

சாலை மார்க்கெட்டில் வாங்கும் பச்சைப் பட்டாணியைத் தண்ணீரில் போட்டு, சாயம் போகிறதா என்று பார்க்காமல் நான் சமைப்பதில்லை. அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

என் கணவருக்கு முதுகுவலி. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருந்தது. மாத்திரைக்கு எதற்கு இத்தனை சாயம், வயிற்றைக் கெடுக்கவா என்று எரிச்சல் வந்தது. கத்தியால் சுரண்டி, வெள்ளையாக்கிக் கொடுத்தேன்.

மறுநாள், "வயிறு எரியறதுடி" என்றார். சாயம் மிச்சமிருக்கிறது என்று இன்னும் அழுத்திச் சுரண்டினேன். ஐந்தாம் நாள் அவரால் மோர்சாதம்கூடச் சாப்பிட முடியவில்லை.

வலியசாலைத் தெருமுனை மருந்துக்கடையில் போய்க் கத்தினேன். "என்ன மாத்திரை விக்கறேள்? சாயத்தைச் சுரண்டிக் குடுத்தும் எரியறதே!"

கடைக்காரப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ மாமி, சுரண்டினீங்களா? அது சாயமில்ல. மருந்து வயித்தில கரையாம, குடலுக்குப் போய்க் கரையறதுக்குப் போட்ட பூச்சாக்கும். வயித்தைக் காக்கத்தான் அது. இனி கொடுக்க வேண்டா, உடனே டாக்டரைப் பாருங்க."

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். புண்ணாகும் முன் வந்தீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மேல் பாய்ந்தேன். "முழுசா முழுங்கணும்னு அன்னிக்கே டாக்டர் உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னார். நீ பாடுபட்டுச் சுரண்டிண்டிருந்தே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, ஐந்து நாள் வயிறு எரிவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.