கதவைத் தாங்கிய முதுகு

லெசியெலி மரப்பட்டையைத் துணியாக அடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மகள் சேயினியின் கல்யாணத்துக்கு விரிக்க வேண்டிய பட்டைத்துணி. அவள் ஓங்கிப் போட்டால் சத்தம் அந்தத் தீவின் துறைமுகம்வரை கேட்கும்.

பிறந்தபோதே உருட்டுக்கட்டை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டைகுட்டை. கோயில் பாட்டுக் குழுவில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், "மலை மறைக்குது" என்றார்கள். பெரும்புயல் அடித்த வருஷம் தம்பி செமிசி கடலில் இருந்தான். அவன் வீட்டுக் கதவு பிய்த்துக்கொள்ளப் பார்த்தபோது, முதுகைக் கொடுத்து விடியும்வரை நின்றவள் இவள்தான். உள்ளே கைக்குழந்தை சேயினி. அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பெயர் தூண்.

செமிசியின் மனைவி அகனேசி தட்டில் சேப்பங்கிழங்கோடு வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு. கோவிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"கல்யாணத்துல அத்தைதானே தலைமைப் பாயில உக்காரணும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆக்லாந்துலேர்ந்து போட்டோக்காரரைக் கூட்டிட்டு வர்றாங்க. உங்க சித்தப்பா பொண்ணு லூபேனி உக்காந்தா படத்துல எல்லாரும் அடங்குவாங்களாம்."

"அவளும் அத்தைதான். ஒல்லி அத்தை."

"நீங்க கொஞ்சம் அகலம்தானே அண்ணி..."

"யார் யோசனை? சேயினியா?"

"ஐயோ, அவ அழுதுட்டிருக்கா. அவங்க அப்பாதான்..." அகனேசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவின் உடம்பைப் பற்றித் தம்பி வாய்திறப்பதா? வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்காருவதுகூட இல்லாத ஊர் அது. அக்கா வந்தால் தம்பி எழுந்து போய்விட வேண்டும். அதற்காகவே லெசியெலி வாசலில் எப்போதும் இருமுவாள். அவன் பின்வாசல் வழியாக நழுவிக்கொள்வான்.

அவள் வெளியே போகும்போது மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். இன்று இருமவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த செமிசி கையில் கிழங்கோடு பதறி எழுந்தான். வாசலை அவள் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தலைமைப் பாயில நான்தான் உக்காருவேன். படத்துல நான் அடங்கலைன்னா போட்டோக்காரனைப் பின்னால தள்ளி நிக்கச் சொல்லு. உன் மகளைக் காப்பாத்தின அன்னைக்கு நான் தூணு. இப்ப அகலமா? கதவைப் பிடிக்க அன்னைக்கே லூபேனியைக் கூப்பிட்டிருக்கலாமே. அவ தாங்கியிருப்பாளாடா?"

அவள் உள்ளே வந்து, நடுப்பாயில் காலை மடித்து அழுத்தமாக உட்கார்ந்தாள்.

செமிசி கிழங்கைத் தட்டில் வைத்தான். தலை குனிந்து, சுவரை ஒட்டி அவளைச் சுற்றிக்கொண்டு, வெளியே போனான்.