தகரம் மூடிய புகைக்கூண்டு

சர்க்கரை ஆலையில் எனக்குப் பாய்லர் வேலை. கரும்பு அரவைப் பருவம் முடிந்ததும் உள்ளே இறங்கி, குழாய் குழாயாகக் கரியைச் சுரண்டி எடுப்போம். எந்தக் குழாயில் அடைப்பு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம். எறையூர்ப் பக்கம் ஒரு சிறிய வீட்டில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம்.

அந்த வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு ஒன்று உண்டு. கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போகக் குறுகி, தளத்துக்கு வெளியே ஒரு முழ உயரம் நீட்டிக்கொண்டிருக்கும். மழை விழாமலும் புகை தடைபடாமலும் இருக்க, உச்சியில் நாலு கால் வைத்த தகர மூடி. ஓர் ஐப்பசிக் காற்றில் அந்த மூடி பறந்துவிட்டது. மழை நேராகக் கூண்டுக்குள் இறங்கி, கரியைக் கரைத்துக்கொண்டு வந்து கொதிக்கிற குழம்பில் விழுந்தது. அவள் குழம்பைக் கொட்டிவிட்டு ரசம் வைத்தாள். நான் ஏணி போட்டு ஏறி, ஒரு தட்டைத் தகரத்தைக் கூண்டின் வாய்மேல் படுக்கவைத்து, கட்டுக்கம்பியால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, குறடால் முறுக்கிவிட்டு இறங்கினேன். மழை விட்டதும் நல்ல மூடியாக ஒன்று செய்து மாட்டலாம் என்று எண்ணம்.

மழை விட்டது. அரவை தொடங்கியது. நான் மறந்துபோனேன். இதை இன்னும் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல முடியுமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். முடியாது.

ஆலையில் மூன்று ஷிப்டு. எந்த ஷிப்டு முடித்து வந்தாலும் எனக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும், குளிக்க வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு இரண்டாகிவிடும். அதனால் அந்த அடுப்பு ஒரு நாளும் முழுதாக ஆறியதில்லை.

மார்கழியில் அவள் இருமத் தொடங்கினாள்.

"ஏங்க, கூண்டு பொகையை இழுக்கவே மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

"ஈர வெறகைத் திணிச்சா எப்படி இழுக்கும்? மொதல்ல அடுப்பெரிக்கக் கத்துக்க."

பாய்லர்காரன் சொன்னால் அப்பீல் ஏது? அவள் மறுநாளிலிருந்து விறகை வாசலில் பரப்பி வெயில் காட்டி எடுத்து வந்தாள். அப்படியும் புகை நின்றபாடில்லை. இன்னொரு முறை கேட்டாள். "அரவை முடியட்டும், பாக்கலாம்" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. சோற்றை வடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவள் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பஸ்ஸில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல புகை போக வழி இருக்கா?"

"கூண்டு இருக்குங்க சார்."

"கூண்டு இருக்கு, சரி. புகை போகுதா?"



துணைக்கு விக்கிரமங்கலத்திலிருந்து அவள் தங்கை வந்ததும் நான் வீட்டுக்குப் போனேன். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. கூண்டுக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். மேலே வானத்து ஒளி தெரிய வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அப்போதுதான் தகரம் ஞாபகத்துக்கு வந்தது.

ஏறிப் போய்க் கம்பியை வெட்டினேன். தகரத்தின் அடிப்பக்கம் விரல் கனத்துக்குக் கரி, தாரைப் போலப் பிசுபிசுத்தது. அவ்வளவும் போக வழியில்லாமல் அவள் மூக்குக்குத் திரும்பி வந்த புகை. தளத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் லீவு போட்டேன். ஆலையில் செய்வதைப் போலவே மேலிருந்து கீழாகச் சுரண்டினேன். சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாலு காலும் உயரமாக வைத்து ஒரு மூடி செய்து மாட்டினேன்.

பத்து நாள் கழித்து அவள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். புகை நேரே மேலே போனது. "கரி அடைச்சிருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அவள் தெருவெல்லாம் சொன்னாள், எங்க வூட்டுக்காரரே கூண்டைக் கழுவி வச்சிருக்காருன்னு. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

அதன்பின் அமாவாசைக்கு அமாவாசை அடுப்பை ஆறவிட்டு, கூண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பழைய சோறுதான். கூண்டு தெளிந்துவிட்டது, அவள் நெஞ்சு தெளியவில்லை. மாத்திரையோடுதான் காலம் தள்ளினாள்.

மூன்று வருஷம் போயிருக்கும். அப்படி ஓர் அமாவாசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தகரத்தைப் போட்டு மூடி மறந்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க" என்றாள். "பொங்கலுக்கு மொத நாளே ஏறிப் பாத்துட்டேன். நீங்க குறடால முறுக்குன கம்பி, எனக்கு அவுக்க வரல."

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"சொல்லத்தான் காத்திருந்தேன். அன்னிக்கு நீங்க ஷிப்டு முடிச்சு வந்ததுமே சோறு ஆறிப்போச்சுன்னு தட்டைத் தள்ளிவுட்டுட்டுப் போயிட்டீங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.