கறுப்பு அம்பாசிடருக்கு ஏற்ற துணி

தனுஷ்கோடிக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆனால் மனுஷன் தினமும் தடவிக் கொடுப்பது முதலாளியின் கறுப்பு அம்பாசிடரைத்தான் என்று அவர் மனைவி பரிபூரணம் தெருவே கேட்கச் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்திய ராஜரத்தினம் எண்பத்து நாலில் அந்த வண்டியை வாங்கினார். வண்டியோடு சேர்ந்து வந்தவர்தான் டிரைவர் தனுஷ்கோடி.

கறுப்பு பெயிண்டைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா? வெள்ளை வண்டி பத்துக் கீறலை மறைத்துக்கொள்ளும். கறுப்பு ஒன்றைக்கூட மறைக்காது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் போய் வந்தால் தூசி அப்பிக்கொள்ளும். அதை அப்படியே காய்ந்த துணியால் துடைத்தவன் தொலைந்தான்; மறுநாள் வெயிலில் வண்டி முழுக்கக் கோடுதான். மற்ற டிரைவர்கள் மண்ணெண்ணெய் தொட்டு மினுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். தனுஷ்கோடிக்கு அதைக் கண்டாலே ஆகாது. முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குவார், அப்புறம்தான் கையையே வைப்பார்.

பனியன் வேஸ்ட் வாங்கிப் பார்த்தார், தையல் கீறியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேங்காய்ப்பூத் துண்டு வாங்கினார்; ஈரத்தை நன்றாகவே உறிஞ்சியது, பாலிஷ் போடும்போது மட்டும் நூல் நூலாக ஒட்டியது. மெக்கானிக் ஒருத்தன் கட்டிங் பாலிஷ் கொடுத்தான். டிக்கி ஓரத்தில் தேய்த்ததும் துணியில் கறுப்பு இறங்கியது. பெயிண்டைத் தின்கிற பாலிஷ் யாருக்கு வேண்டும் என்று தூக்கி எறிந்துவிட்டு மெழுகு பாலிஷுக்கு மாறினார். துணிதான் அமையவில்லை.

அந்தத் துணி பக்கத்து வீட்டுக்காரியின் கையில் இருந்தது. இருளம்மாள் அதே கம்பெனியில் பேண்டேஜ் சுற்றுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். தரையில் விழும் கரைத் துண்டுகளைப் பெண்கள் அடுப்பெரிக்க அள்ளிப்போவது வழக்கம், யாரும் கேட்பதில்லை. தனுஷ்கோடி கேட்டாரென்று அவளும் ஒரு கை கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு தடவை அலசிக் காயவைத்தால் வெண்ணெய்தான். ஆனாலும் நம்மாளுக்குத் திருப்தி வருமா?

"ஏட்டி, கரை முறுக்கிக்கிட்டு நிக்கி. பெயிண்டுல கோடு விழுது. நடுத்துணியா செத்த கொண்டாயேன்."

"அது நல்ல துணில்லாண்ணே. ரோல்லயிருந்து வெட்டணும்."

"ஒரு முழத் துணியில கம்பெனி முழுகிப் போயிருமாக்கும்?"

அவள் வெட்டிக்கொண்டு வந்தாள், பிறகும் வந்தாள். ஆடிப்பூரத்துக்கு முதலாளி குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, தேர் பார்க்க வந்த பெண்கள் பானெட்டில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எந்தத் துணிய்யா போட்டுத் தொடைக்க?"

"துணியில என்ன மொதலாளி இருக்கு? எல்லாம் கைவாகுதான்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. மனுஷனுக்குப் புகழ்ச்சி இனித்தது, சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்பு ஒரு சாயங்காலம், முதலாளியின் வண்டி கம்பெனி கேட்டைத் தாண்டும் நேரம் வாட்ச்மேன் வேல்சாமி இருளம்மாளை அவர் முன் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் கையில் மடித்த வெள்ளைத் துணி. ஆம்பிளைகள் நடுவில் அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"மக சமைஞ்சிருக்கா மொதலாளி. அவளுக்குத்தான் எடுத்தேன்."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமா? நாளையிலருந்து வராதே."

அது தனுஷ்கோடி கேட்டிருந்த துணி; அதே துணி இன்னும் இரண்டு முழம் டிக்கிக்குள் கிடந்தது. அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. இருளம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "போலாம்" என்றார் முதலாளி. தனுஷ்கோடி கியரைப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவள் மகளையும் கூட்டிக்கொண்டு மம்சாபுரத்துக்குக் களையெடுக்கப் போனாள். டவுன் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் தனுஷ்கோடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன்னைப் போல ஒரு கோழை உண்டா என்று தன்னையே வைதுகொள்வார். வைதுவிட்டு வண்டியைத் துடைக்கப் போவார். திருடனுக்குத் தேள் கொட்டினது போலத்தான், வெளியில் கத்தவும் முடியாது.

பொங்கல் கழிந்ததும் அவரால் தாள முடியவில்லை. முதலாளியோடு போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "மொதலாளி, இருளம்மா அன்னைக்குத் துணி எடுத்தது எனக்காக. வண்டி தொடைக்க நாந்தான் கேட்டேன்."

ராஜரத்தினம் சிரித்தார்.

"கிறுக்கா! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரோலையே குடுத்திருப்பேனே."

"அப்ப அவள மறுபடி வேலைக்கு..."

"அது வேற. ரோல்ல கத்திரி வச்சவள உள்ள விட்டா, பொறவு கேட்டுல ஆள் எதுக்கு? வண்டிய எடு."

அப்படியானால் என்னையும் அனுப்பிவிடுங்கள் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களை நினைத்ததும் உள்ளேயே போய்விட்டது. மறுநாள் காலை வண்டியின் முன் சீட்டில் முழு ரோல் ஒன்று இருந்தது, முதலாளி கொடுக்கச் சொன்னதாம்.

சாயங்காலம் இருளம்மாள் வயலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி எதையும் மறைக்காமல் சொன்னார். ரோல் வந்ததையும் சொன்னார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"நாங்கள்லாம் மொதலாளிய கேட்டுல கண்டாலே ஒதுங்கி நிக்கணும். நீங்க தெனமும் பக்கத்துலயே உக்காந்து போறிய. மொதல்லயே ஒரு வார்த்தை கேக்கதுக்கு ஒங்களுக்கு என்னண்ணே?"