எஸ்தர் மேடத்தின் வெள்ளப் பதிவேடு கெட்டுப்போகவில்லை

எஸ்தர் மேடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவர் எழுதிவந்த வெள்ளப் பதிவேட்டை எங்கள் குடியிருப்போர் சங்கம் பாழாக்கியது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அஞ்சலி செலுத்துவேன். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் ஷீபா தொலைபேசியில், "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றபோது துக்கத்தோடு கோபமும் வந்தது. இன்னும் தணியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காக: டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூர் ஏரிப் பக்கம் தாழ்வாகக் கிடக்கும் எங்கள் நகரில் பெருமழை என்றால் வீட்டுக்குள் தண்ணீர்தான். வடிந்த மறுநாளே மேடம் வீடு வீடாகப் போவார். எத்தனை அடி, எத்தனை நாள் என்று கேட்டு, அவரவர் சொன்ன வார்த்தையிலேயே சங்கக் கணினியில் ஏற்றுவார். "கட்டில் மெதக்குது. மாமியார தூக்கினு மாடிக்கு ஓடுனோம்" என்று தையல்காரர் கன்னியம்மா சொன்னது அப்படியே இருக்கும். திருத்தலாமே என்றால், "திருத்தினா அது என் வெள்ளமாயிடும் சார்" என்பார். மழைநீர்க் கால்வாய் கேட்க எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கோப்புதான்.

அந்தக் கணினிக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வேண்டும் என்றவர் அவர். எதிர்த்தவன் நான். பட்டறையில் லேத் ஓட்டியவன்; கணினியை நானாகத் தட்டித் தட்டிக் கற்றவன்; பிறர் சொல்லி எளிதில் கேட்பவனல்ல. லினக்ஸ் போட்ட முதல் நாளே டெக்ஸ்ட் எடிட்டரில் பதிவேட்டைத் திறந்தால் எண்கள் மட்டும் ஒழுங்காக நின்றன. தமிழ் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"ஃபைல் செத்துப்போச்சு மேடம். உங்க லினக்ஸ் முழுங்கிடுச்சு."

"லேத்துல டூல் மாட்டாம ஓட்டிட்டு இரும்பு சரியில்லன்னு சொல்வீங்களா சார்? கைய எடுங்க."

கறுப்புத் திரையைத் திறந்து, தமிழ் எழுத்துரு எது எது இருக்கிறது என்று ஒரு கட்டளையில் கேட்டார். ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. "பாத்தீங்களா? எழுத்து உள்ள பத்திரமா இருக்கு. வரைஞ்சு காட்டத்தான் ஆளில்ல." ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்து, எடிட்டரை மூடித் திறந்தார். கன்னியம்மா கட்டிலோடு திரும்பி வந்தார். அன்று நான் தோற்றதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மேடம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம், கணினி மெதுவாக ஓடுகிறது என்று செயலாளர் பாஸ்கரன் ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டார். கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாகப் போடப்பட்டது. மேடம் போட்ட எழுத்துருவும் போய், மறுபடியும் கட்டங்கள்.

"ஒரே குப்பையா இருந்துச்சுண்ணா. க்ளீன் பண்ணிட்டேன்" என்றார் பாஸ்கரன்.

கட்டங்களையெல்லாம் அழித்து, மிஞ்சிய எண்களை அச்சடித்து வார்டு பொறியாளரிடம் கொடுத்திருக்கிறார். வெறும் நம்பரை வைத்து என்ன செய்வது என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பார்வையாளர் நேரத்தில் போய் மேடத்திடம் சொன்னேன். சாகக் கிடந்தவரிடம் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்; அது அவருடைய வேலை. ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அழிச்சுட்டு சேவ் பண்ணிட்டாரா?"

"பண்ணிட்டார்."

சற்று நேரம் மூச்சு வாங்கினார். "ஷீபாகிட்ட பென்டிரைவ்ல காப்பி இருக்கு. ஃபாண்ட் போடாம அத அங்க திறக்காதீங்க. திரும்பவும் கட்டம் வரும், திரும்பவும் துடைப்பார். நல்ல மனுஷன்தான். சுத்தம் ஜாஸ்தி."

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

இரங்கல் கூட்டத்தில், "பதிவேடு துரதிருஷ்டவசமாகக் கெட்டுவிட்டது" என்று தீர்மானம் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கடைசிப் பிடி மண்ணைப் போடும்போதும், நிம்மதியாகப் போங்கள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "பாத்துக்கறேன் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷீபா பென்டிரைவோடு சங்க அறைக்கு வர வேண்டும். எழுத்துருவை நான் நிறுவுவேன். கறுப்புத் திரை பதில் சொல்லும்வரை ஒருவரும் கோப்பைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வரியைத் திரையில் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். பாஸ்கரன் அந்தத் தீர்மானத்தைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டு, முழுப் பதிவேட்டையும் அச்சடித்துப் பொறியாளரின் மேசையில் வைக்க வேண்டும். பொறியாளர் அதைப் படிக்க வேண்டும், கன்னியம்மாவின் கட்டில் உட்பட. அடுத்த மழை வடிந்த மறுநாள் வீடு வீடாகப் போவது நான். எனக்கு முட்டி வலி. மாடிக்கு ஏறியவர்கள் இறங்கி வந்து சொல்ல வேண்டும்.