ஆடுதின்னாப்பாளைச் சாறு

மலேரியாவுக்கு மூலிகை மருந்து தேடிய அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தோம். நான் தல்லாகுளத்துக்காரி, அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அவள் சமயநல்லூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட இளையவள் என்பதால் அக்கா என்பாள்.

அழகர்கோவில் அடிவாரத்தில் நான் சேகரித்த செடிகள் ஒன்றும் கிருமியை அசைக்கவில்லை. அவள் தன் வீட்டுப் பருத்திக்காட்டு வரப்பில் பிடுங்கி வந்த ஆடுதின்னாப்பாளைதான் அசைத்தது.

“எங்கப்பா வருசக்கணக்கா குடிக்கிறாருக்கா. காய்ச்சலோ மேலு வலியோ, எல்லாத்துக்கும் இதுதான். அம்புட்டுக் கசப்பையும் ஒரே மடக்குல குடிச்சிருவாரு” என்றாள். பேராசிரியரிடமும் இதையே சொல்லித்தான் அந்தச் செடியை எடுத்தாள்.

இலையை உலர்த்திப் பொடித்துச் சாறெடுத்து, மலேரியாக் கிருமி ஏற்றிய வெள்ளெலிகளின் வாயில் குழாய்விட்டுப் புகட்டினோம். சில எலிகளுக்கு வெறும் தண்ணீர்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவை செத்தாக வேண்டும். மயிர் சிலிர்த்து, கூண்டின் மூலையில் குறுகிச் செத்தன. சாறு குடித்த எலிகளின் ரத்தத்தில் கிருமி குறைந்துகொண்டே வந்தது. அவள் படிக்கட்டில் நின்று அப்பாவுக்கு போன் போட்டாள். “நீங்க குடிக்கிற செடிதாம்ப்பா. வேலை செய்யிது” என்று சிரித்தாள்.

பிறகு அந்த எலிகளும் தீனியைத் தொடாமல் படுத்தன. பேராசிரியர் ஒன்றை எடுத்து, கழுத்தில் பென்சிலை அழுத்தி வாலை ஒரே இழுப்பாக இழுத்துக் கொன்றார். “அறுத்துப் பாரும்மா” என்று அவளிடம் கொடுத்தார். உடம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சிறுநீரகங்கள் வெளிறிப் போயிருந்தன.

“எதிர்பார்த்ததுதான். இந்தச் செடி கிட்னியை அரிக்கும்” என்றார்.

“தெரியுமா சார்?”

“தெரியாமலா இத்தனை வருசம் வேலை பாக்குறேன்.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். “எங்கப்பா குடிக்கிறாருன்னு சொன்னேனே சார்.”

“சொன்ன. அதனாலதான் சரின்னேன். மனுசன் குடிச்சும் உசுரோட இருக்கான்னா, எவ்வளவு தாங்கும்னு நமக்கு ஒரு கணக்கு கிடைக்குதுல்ல? அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து ரிசல்ட்டைக் கொண்டு வா. கட்டுரையில ஒரு வரி சேத்துக்கலாம்.”

அவர் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கை கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கே ஊருக்குப் போய் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். கால் வீக்கத்தை வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் டாக்டர். டயாலிசிஸ் தொடங்கினார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் மகளைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்.

“எலிக்கு ஒத்துக்கலைன்னா எனக்கென்ன? நான் எலியா? என் காட்டுச் செடியவே வெசம்னு சொல்லத்தான் ஒன்னயப் படிக்க வச்சேனா?”

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். டயாலிசிஸுக்கு நடுவே வீட்டுக்குப் போன நாட்களில் அவர் அவளுக்குத் தெரியாமல் மறுபடியும் அந்தச் சாற்றைக் குடித்தார். மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

சார் மாலையோடு போய்த் துக்கம் விசாரித்தார். அவள் காரியம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவளுடைய கூண்டுகள் காலியாக இருந்தன.

“நீ எப்ப வருவேன்னு தெரியல. அதான் எலிகளை முடிச்சாச்சு. செடியை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்” என்றார் சார்.

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. நான் அங்கேயே இருந்து பட்டம் வாங்கினேன்.

போன வருடம் தல்லாகுளம் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கூட அவள் அம்மா. ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பதாகச் சொன்னாள்.

“நீயும் அந்த சாருகிட்டத்தான படிச்ச தாயி? நல்லாருக்காரா? சாவுக்கு வந்து எனக்கு அம்புட்டு ஆறுதல் சொன்ன மனுசன்” என்றார் அம்மா.

நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்: “நல்லாருக்காரும்மா.”

பேருந்து வந்தது. அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளும் ஏறிக்கொண்டாள்.