பரணில் வைத்த செருப்பு

2025 ஏப்ரல் 20, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். கணவரின் பாதங்களை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். புண் இல்லை என்று நோட்டில் எழுதினேன். அவருக்குத் தொழுநோய் குணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. பாதங்களில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றக்கூடாது.

அன்று அதைப் பரணில் வைத்தேன். எங்கள் மகளுக்காக நாகரசம்பட்டிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம்.

"சர்க்கரைன்னு சொல்லிட்டு உள்ளயும் போட்டுக்கறேனே" என்றார்.

"சர்க்கரைன்னா பொண்ணுக்கும் வரும்பாங்க. சாதாச் செருப்புல வாங்க. அங்க போயி நடக்காதீங்க, நின்ன எடத்துலயே நில்லுங்க."

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையின் அப்பா எங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் மாந்தோப்பைக் காட்டினார். செருப்புகள் வாசலில் கிடந்தன. சிமெண்ட் தரை கொதித்தது. எல்லோரும் குதித்துக் குதித்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒண்டினோம். என் கணவர் மட்டும், நான் சொன்னபடியே, வெயிலில் அசையாமல் நின்று எத்தனை மரம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் அவர் நடை தெரிந்துவிடும். நான் கூப்பிடவில்லை.

ஓசூரில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார்: "என்னங்க சம்பந்தி, காலு இரும்பா? எங்க ஃபர்னஸ்க்கு ஆளு எடுக்கறாங்க, வர்றீங்களா?"

சிரித்தோம். என் கணவரும் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் பார்வை அவர் பாதத்திலிருந்து, பேண்ட் பாக்கெட்டில் விட்டிருந்த வலது கைக்குப் போனது.

"பாக்கெட்ல இருக்கற கைய எடுங்கண்ணா."

எடுத்தார்.

கீழே எங்களுக்கு டம்ளரில் காபி வந்தது. அவருக்குப் பேப்பர் கப்பில்.

மாலை ஐந்து நாற்பதுக்குத் தரகர் போன் செய்து, ஜாதகம் பொருந்தவில்லையாம் என்றார். வீட்டில் காத்திருந்த மகள், என் கணவர் எதிரிலேயே என்னிடம், "அப்பாவ விட்டுட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள்.

"பஸ்ல வர்றப்ப நானும் அதத்தான் நெனச்சேம்மா" என்றார் அவர்.

கொஞ்சம் குதித்திருந்தால் என்ன என்று எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். அன்று பாதத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

திங்கள், ஐந்தரைக்கு முதல் வேலையாகக் கண்ணாடி பிடித்தேன். இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம். வலது குதிகாலில் உடைந்து, படுக்கை ஈரமாகியிருந்தது. கட்டுப் போட்டுவிட்டு, பரணிலிருந்து செருப்பை இறக்கினேன். கட்டுக்கு மேல் வார் எட்டவில்லை.