மல்லாட்டை குலுக்கிய கை

லூர்துசாமியை மோசடிக்காரர் என்று நம் இணைய மன்றத்தில் பதினேழு பேர் எழுதினோம். அதில் பதினாறு பேர் ஒரு பிடி வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினேழாவது ஆள் நான். தொட்டுப் பார்த்துவிட்டும் அப்படித்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. விழுப்புரத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கோ ஒரு நாட்டின் தெருப்படம் திரையில் வரும்; அதில் தெரியும் வண்டி, ஆள், நாய் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுத வேண்டும். தானாக ஓடும் கார்களுக்கு இப்படித்தான் கண் வைக்கிறார்கள். அன்று வந்த படங்களில் எல்லாம் பனி. வெள்ளைத் தெருவில் குடையோடு நடந்துபோகும் ஒருத்தியைக் கட்டத்துக்குள் அடைத்துக்கொண்டிருந்தேன். போனில் 'மல்லாட்டை அண்ணன்' என்று பெயர் வந்தது. பேசியது அவர் மனைவி மேரி.

"அவரு போயிட்டாரும்மா. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில இருக்கோம். காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாரு, இட்டாந்தோம். அவ்ளோதான்." பிறகு, "அந்தக் கம்ப்யூட்டர்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் நீங்கள்தான். அதனால்தான் எழுதுகிறேன். திரையில் அந்தப் பெண் இன்னும் பனியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பெயர் எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை.

நம் மன்றத்தில் அவர் பெயர் 'மல்லாட்டை லூர்துசாமி'. திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கினார். அவர் அப்பாவும் மூட்டை தூக்கியவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம். மண்டிக்கு மல்லாட்டை வந்து இறங்கியதும் வியாபாரி மூட்டைக்குள் கை விடுவார், ஒரு பிடி எடுத்துக் காதோரம் குலுக்குவார், "ஈரம்" என்பார். அந்த ஒரு சொல்லில் விலை விழும். கொண்டுவந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்ந்த காயில் பருப்பு தோட்டில் மோதிச் சத்தம் போடும், ஈரக்காயில் அடங்கிக் கிடக்கும். மண்டியில் எல்லோருக்கும் இது கேட்கும். ஆனால் வியாபாரியின் காது மட்டும்தான் அங்கே காது. இதைப் பார்த்துப் பார்த்து லூர்துசாமி ஒரு காரியம் செய்தார். சத்தங்களைப் பதிந்து பெயர் வைத்துக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் இறக்கினார். ஆறு மாதம் மதியச் சாப்பாட்டு வேளைகளில் பிடி பிடியாகக் குலுக்கிப் பதிந்தார். பிறகு நம்மிடம் வந்து எழுதினார்: "என் எந்திரத்துக்குக் காது முளைச்சிருக்கு. இது எந்த வியாபாரியை விடவும் நல்லா கேக்குது."

வாக்கியம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் என்ன செய்தோம்? "ஆய்வுக் கட்டுரை எங்கே?" என்றார் ஒருவர். "எந்தக் கல்லூரி?" என்றார் இன்னொருவர். "மூட்டை தூக்குறவர்லாம் ஏஐ மாடல் செஞ்சா, நாங்க போய் மூட்டை தூக்க வேண்டியதுதான்" என்று எழுதியவருக்கு நாற்பது சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. "அடுத்து தேங்காய் தட்டிப் பார்க்க ஏஐ வருமா ப்ரோ?" என்ற கேள்விக்கு மட்டும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "தேங்கா எனக்குத் தெரியாதுங்க. மல்லாட்டை தெரியும்." அதற்குப் பிறகு அறிவு என்றால் என்ன, கற்றல் என்றால் என்ன என்று நமக்குள் நாமே மூன்று நாள் அடித்துக்கொண்டோம். அவரை ஆதரித்தவர்களுக்கும் மல்லாட்டை தேவைப்படவில்லை.

சோதித்துப் பார்க்கிறேன் என்று நான் கிளம்பினேன். 'இந்தத் துறையில் இருப்பவள்' என்று என்னை நானே அறிமுகம் செய்துகொண்டேன். கட்டம் போடுகிற வேலை என்று சொல்லவில்லை. மார்கழிக் காலை. பேருந்து விழுப்புரம் தாண்டியதும் புகைபோல மூடுபனி. பனைமரங்களுக்குத் தலை மட்டும் இருந்தது. என் மடியில் எண் போட்ட பன்னிரண்டு காகிதப் பைகள். ஆறில் காய்ந்த காய், ஆறில் ஈரக்காய். எது எதில் என்று எனக்கு மட்டுமே தெரியும். பேருந்து குலுங்கும்போதெல்லாம் பைகள் மெல்லச் சத்தமிட்டன. அந்தச் சத்தத்திலேயே நான் தூங்கிப்போனேன். என் வீட்டு ஓட்டில் தூறல் விழுவதாகக் கனவு.

மண்டியின் பின்பக்கம், காலிச் சாக்குகள் அடுக்கிய இடத்தில், அவர் ஒரு பையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். குலுக்கினார். போன் "காஞ்சது" என்றது; அவருடைய குரலிலேயே பதிந்து வைத்திருந்தார். உடைத்துப் பார்த்தோம், காய்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பன்னிரண்டும் சரி. சாக்குத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. குலுக்கும்போது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஏதோ ஒரு பாட்டுக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி இருந்தார். எனக்கும் கொஞ்சம் மயக்கமாகத்தான் இருந்தது.

பிறகு நான் குலுக்கினேன். பன்னிரண்டு பிடிக்கும் போன் ஒரே பதில்தான் சொன்னது: "ஈரம்."

"நீ இன்னாம்மா கொழந்தைய தாலாட்றா மாதிரி ஆட்றே" என்று சிரித்தார். மறுபடி குலுக்கினேன். மறுபடி ஈரம். அவர் சிரிப்பு நின்றது. போனைத் துடைத்தார், மூடித் திறந்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய மற்றொரு கையைப் பார்த்தேன், அது எங்கேயாவது எதையாவது அழுத்துகிறதா என்று. திரும்பும் பேருந்திலேயே எழுதினேன்: "அவர் குலுக்கினால் மட்டும் வேலை செய்கிறது. இது மோசடி." நம் அட்மின் அந்தச் சொல்லை எடுத்து அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒட்டினார். விவாதத்தைப் பூட்டினார். நீங்கள் எனக்குக் கை தட்டினீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு மதியம், என் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "வா தங்கச்சி, டீ சாப்பிடு" என்றார். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, போன் பக்கத்தில் சட்சட்டென்று இரண்டு முறை குலுக்கினார். போன் "காஞ்சது" என்றது. அதே சாவியை இழுத்து இழுத்துக் குலுக்கினார். "ஈரம்" என்றது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "சாவி காஞ்சிருக்குதாண்ணே?" என்றார்.

லூர்துசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. "மேரிதான் கண்டுபுடிச்சா. காஞ்சதுன்னா நீ ரெண்டு வாட்டி வெடுக்குனு ஆட்றே, ஈரம்னா மெதுவா ஆட்றேன்னா. எனக்கே தெரியாது தங்கச்சி. எடுத்த ஒடனே கனம் தெரிஞ்சிருது இல்ல, கை தானா மாத்திக்கினு ஆடியிருக்குது. எந்திரம் மல்லாட்டைய கேக்கவே இல்ல. ஆறு மாசமா எங்கைய கேட்டுக்கினு இருந்திருக்குது."

ஒரு கூடம் நிறையப் பேர் பட்டத்தோடு உட்கார்ந்து வேலை செய்யும் இடங்களிலும் இதே தவறு நடக்கும். அங்கே அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்து மேடையில் பேசுவார்கள். இங்கே அதற்குப் பெயர் மோசடி. நான் பேச வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "தப்புன்னு எழுதியிருந்தா சரி. தப்புதான். திருடன்னு எழுதிட்டியே. ரெண்டும் வேற இல்ல?" குரலில் கோபம் இல்லை.

ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். தான் தவறியது எப்படி என்று முழுவதும் எழுதியிருந்தார். கடைசி வரிகள் இவை: "இது பல பேர் கையைக் கேட்டால்தான் மல்லாட்டையைக் கேட்கக் கற்கும். ஆளுக்கு ஒரு பிடி குலுக்கிப் பதிந்து அனுப்புங்கள். நூறு கை வேண்டும்." பூட்டிய விவாதத்தில் அவரால் எழுத முடியவில்லை. "நீ சொன்னா கேப்பாங்க, நீயே போட்டுடு" என்றார். போடுகிறேன் என்றேன். அட்மினுக்கு எழுதினேன். பழைய விவாதங்களைத் திறப்பதில்லை என்று ஒரு வரி வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த கைதட்டல் அந்தப் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. உண்மை இதுதான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "யம்மா, எங்க ஆளு பேருல செவப்பா இன்னாவோ எழுதிக்கீதாமே. அது இன்னும் கீதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மேரி என்னைப் பார்த்து, "பொண்ணு அப்பா பேர போட்டுத் தேடிச்சும்மா. அதான் மொதல்ல வருது" என்று மட்டும் சொன்னார். தூரத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருந்தது. மண் தள்ளும்போது சிறு கற்கள் பெட்டிமேல் உருண்டன. காய்ந்தது என்று என் காது சொன்னது.

என்னிடம் மீதி இருப்பது அவர் கையால் எழுதிய அந்தத் தாளும் நாற்பது நிமிடப் பதிவும். அன்று மண்டியில் என் போனில் பதிந்தது. மாலைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். முதலில் தூறல்போல இருக்கிறது. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ சருகு மிதித்து நடப்பதுபோல. இன்னும் கேட்கக் கேட்க மல்லாட்டை மறைந்துவிடுகிறது. கை மட்டும் இருக்கிறது. வெடுக்கென்று இரண்டு முறை. மெல்ல ஒரு முறை. கண்ணை மூடினால் எது காய்ந்தது, எது ஈரம் என்று இப்போது நானும் சொல்லிவிடுகிறேன். எந்திரம் கற்ற அதே தவறான பாடத்தை நானும் கற்றுவிட்டேன். அது என்னிடம் இருக்கட்டும்.

அட்மின், வெள்ளிக்கிழமை எழுதினேன். சனிக்கிழமை எழுதினேன். நேற்றும் எழுதினேன். மூன்றையும் படித்துவிட்டதாகக் காட்டுகிறது. விவாதத்தைத் திறங்கள். அவருடைய தாளைப் படமெடுத்துக் கீழே இணைத்திருக்கிறேன், அதை அங்கே போடுங்கள். மோசடி என்று எழுதியவள் நான், அது பொய், என் பெயருக்குப் பக்கத்தில் வேண்டுமானால் அதை ஒட்டிக்கொள்ளுங்கள். லூர்துசாமியின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுங்கள்.